பரண்ல பூசணம் பூத்திருச்சா? துடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போடுங்க



எஸ்ஐபி, பிஎஃப், டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுற இடத்துல பூசணத்துக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. எனக்கு அது வீட்டுக் கடன் வாங்கும்போதுதான் புரிஞ்சுது. பேங்க்ல ஒரிஜினல் பத்திரம் கேட்டாங்க. அப்பாவோட பீரோ அடித்தட்டுல இருந்து ஃபைலை எடுத்தா, பத்திரம் பிளாஸ்டிக் கவரோட ஒட்டிக்கிட்டு, ஓரமெல்லாம் கறுத்துப் போய்க் கிடக்குது. அவசரத்துல கவரைப் பிரிச்சேன். ஒரு மூலை கையோட வந்துருச்சு. சான்றிட்ட நகல் வாங்கி, வக்கீல் பார்த்து, பேங்க் ஒத்துக்கிறதுக்குள்ள ஆறு வாரம் ஓடிப்போச்சு.

அதுக்கு முன்னாடியே அந்த பீரோவை மூணு தடவை துடைச்சிருக்கோம். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துச்சு. ஏன்னு யாரும் கேக்கல. இந்தக் கட்டுரையே அந்த "ஏன்" பத்தினதுதான். வீடியோல பத்து நிமிஷத்துக்குள்ள அடங்காத விஷயங்களை இங்க வரிசையா எழுதியிருக்கேன்.

நம்ம ஊர்ல ஏன் வருது?

கோயமுத்தூர்ல மழை கம்மிதானேன்னு நினைப்போம். ஆனா பூசணத்துக்கு மழை தேவையில்ல, ஈரம் இருந்தா போதும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து குளிர்ச்சியாவும் ஈரமாவும் இருக்கும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் சாரல் விட்டு விட்டு அடிக்கும். அப்புறம் அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் சுவர் காயாது. வால்பாறையில வேலை பாக்குறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

பூசண விதைகள் காத்துல எப்பவும் இருக்குது. அதை யாராலயும் ஒழிக்க முடியாது. அது முளைக்கிறதுக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு சாப்பாடு: பருத்தி, காகிதம், தோல், மரம், வெறும் தூசி கூடப் போதும். இன்னொண்ணு ஈரம். சாப்பாட்டை நம்மால எடுக்க முடியாது, ஏன்னா அதுதான் நம்ம பொருள். ஈரத்தை மட்டும்தான் எடுக்க முடியும்.

வீட்டுக்குள்ள காத்தோட ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்னு அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது. நனைஞ்ச பொருளை 24-ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வச்சுட்டா பெரும்பாலும் பூசணம் பிடிக்காதுன்னும் சொல்லுது. இந்த ரெண்டு எண்ணையும் ஞாபகம் வச்சுக்குங்க.

2020 மே மாசம் மலேசியாவோட கோத்தா கினபாலுல ஊரடங்கு முடிஞ்சு ஒரு கடையைத் திறந்தப்போ, தோல் செருப்பு, கைப்பை எல்லாத்து மேலயும் வெள்ளையாப் பூத்திருந்த படங்கள் உலகம் பூரா சுத்துச்சு. ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்ததுதான் காரணம். நீங்க ரூமைப் பூட்டிட்டு ஊருக்குப் போய் ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்றப்போ உங்க ரூமும் அந்தக் கடை மாதிரிதான்.

முதல் வேலை: மூணு குவியல்

துணியையும் லிக்விடையும் கையில எடுக்காதீங்க. முதல்ல எல்லாத்தையும் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டு வந்து மூணாப் பிரிங்க.

குவியல் 1: பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காதது, இல்ல கிடைக்க ரொம்ப அலைய வேண்டியது. பத்திரம், சான்றிதழ், பழைய போட்டோ.

குவியல் 2: விலை இருக்குது, சுத்தம் பண்ணினா மீண்டு வரும். பட்டுச்சேலை, பவானி ஜமக்காளம், தோல் ஷூ, மர நாற்காலி, ஸ்டீல் பீரோ, பித்தளைப் பாத்திரம்.

குவியல் 3: சுத்தம் பண்ற செலவே பொருளோட மதிப்பைத் தாண்டிரும். உள்ள வரைக்கும் பூசணம் இறங்கின பஞ்சு மெத்தை, தலகாணி, ஊறி உப்பிப்போன மரத்தூள் போர்டு அலமாரி.

குவியல் 3-ல நாம பண்ற தப்பு, வாங்கின விலையை நினைச்சுப் பாக்குறது. "ஒன்பதாயிரம் கொடுத்த மெத்தை, எப்படித் தூக்கிப் போடுறது?" அந்த ஒன்பதாயிரம் போயிருச்சுங்க. சுத்தம் பண்ணினாலும் வராது, பண்ணலைன்னாலும் வராது. இன்னைக்கு அது என்ன பெறும்ங்கிறதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க எண்ணைப் போட்டுக்குங்க. மாசச் சம்பளம் 30,000 ரூபாய், 26 நாள், தினம் 8 மணி நேரம்னா 208 மணி நேரம். உங்க ஒரு மணி நேரம் சுமார் 144 ரூபாய்.

- மெத்தை: இன்னைக்கு மதிப்பு 1,500. சுத்தம் பண்ண ஆள் கூலி 1,200, உங்க நேரம் 4 மணி நேரம், அதாவது 576. மொத்தம் 1,776. கை கழுவிருங்க.
- பட்டுச்சேலை: இன்னைக்கு இதே மாதிரி வாங்க 12,000. டிரை கிளீனிங் 500, அலைச்சல் ஒரு மணி நேரம் 144. மொத்தம் 644. யோசிக்கவே வேண்டாம், காப்பாத்துங்க.

வீட்டுல ஆஸ்துமா, அலர்ஜி இருக்கிறவங்க இருந்தா குவியல் 3-ஐ வச்சுப் பாக்கவே பாக்காதீங்க. செத்த பூசணமும் மூச்சுத் தொந்தரவு கொடுக்கும்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

- என்95 மாஸ்க், ரப்பர் கையுறை கட்டாயம். துணியைக் கட்டிக்கிட்டா போதாது.
- வேலை முழுக்க வெளியில. ரூமுக்குள்ள உதறினாலோ ஃபேன் போட்டாலோ விதைகள் வீடு பூரா பரவும்.
- பிளீச்சோட வினிகர், டாய்லெட் கிளீனர், அமோனியா எதையும் சேர்க்காதீங்க. விஷ வாயு வரும். "ரெண்டையும் கலந்தா நல்லா போகும்"னு சொல்ற ஃபார்வேர்டை நம்பாதீங்க.
- சுவர்ல பத்து சதுர அடிக்கு மேல பரவியிருந்தா அது நீங்க துடைக்கிற வேலை இல்ல. ஆள் கூப்பிடுங்க.

பொருள் வாரியா எப்படி எடுக்கிறது?

எல்லாத்துக்கும் பொதுவான விதி: முதல்ல காய வைங்க, அப்புறம் தட்டுங்க, அப்புறம்தான் துவைக்கிறது. ஈரத்தோட தேய்ச்சா பூசணம் நூலுக்குள்ள இறங்கிரும்.

பருத்தித் துணி: வெயில்ல காய வச்சு, வெளியில பிரஷ்ஷால தட்டி, துணி தாங்குற அளவு சூடான தண்ணியில டிடர்ஜென்ட் போட்டுத் துவைச்சு, மறுபடி நல்ல வெயில்ல போடுங்க. முழுசாக் காஞ்சப்புறம் இஸ்திரி.

ஜமக்காளம்: கனமான நெசவு. மேல காஞ்ச மாதிரி தெரியும், மடிப்புக்குள்ள ஈரம் நிக்கும். வெள்ளைத் துணியை நனைச்சு ஒரு ஓரத்துல அழுத்திப் பாருங்க. சாயம் ஒட்டினா வீட்டுல துவைக்க வேண்டாம். கொடியில ரெண்டு பக்கமும் மாத்திப் போட்டு ரெண்டு நாள் காய வைங்க.

பட்டு: சிறுமுகை சாஃப்ட் சில்க்கோ, காஞ்சிபுரமோ, விதி ஒண்ணுதான். பிளீச் ஆகவே ஆகாது. நேர் வெயிலும் வேண்டாம், சாயம் வெளுக்கும். காத்தாடுற நிழல்ல விரிச்சு, மென்மையான பிரஷ்ஷால சரிகையை விட்டுட்டுத் தட்டுங்க. கறை இருந்தா டிரை கிளீனிங் கொடுங்க, "இது பூசணக் கறை"ன்னு சொல்லிக் கொடுங்க. திரும்ப வைக்கும்போது பிளாஸ்டிக் கவர்ல வைக்காம வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தி வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்துங்க.

தோல் ஷூ, பெல்ட், பேக்: காஞ்ச துணியால துடைச்சுட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் சம அளவு கலந்து துணியை லேசா நனைச்சுத் துடைங்க. முதல்ல மறைவான இடத்துல சோதிங்க. நிழல்ல காய வச்சு பாலிஷ் போடுங்க. ஷூவுக்குள்ள நியூஸ் பேப்பர் திணிச்சு வச்சா உள்ஈரம் இழுத்துக்கும்.

மரம், ஸ்டீல்: டிடர்ஜென்ட் தண்ணியில துணியைப் பிழிஞ்சு துடைச்சு, உடனே காஞ்ச துணியால இன்னொரு தடவை. மரத்துல பிளீச் மேலோட நின்னுரும், அதுல இருக்கிற தண்ணி உள்ள இறங்கும். பயன் இல்ல.

ஊர்ல இருந்து வந்த கடலை, சோளம், மிளகாய்: இங்க மட்டும் காப்பாத்தப் பாக்காதீங்க. பூசணம் பிடிச்ச கடலையிலயும் சோளத்துலயும் அஃப்ளாடாக்ஸின்ங்கிற விஷம் இருக்கலாம். அது கல்லீரலைப் பாதிக்கும். வெயில்ல காய வச்சாலும் வறுத்தாலும் முழுசாப் போகாது. அம்மா பாசத்தோட கொடுத்தனுப்பினதுதான், ஆனாலும் கொட்டிருங்க.

காகிதம்: இங்கதான் நிஜமான பணம் இருக்குது

குவியல் 1-க்குத் தனி கவனம் வேணும். நான் பண்ணின தப்பையே முதல்ல சொல்றேன்.

ஒட்டிக்கிட்ட கவரை இழுக்காதீங்க. கவரோட ஓரத்தை வெட்டித் திறந்து, அப்படியே காத்தாடுற நிழல்ல வைங்க. காயக் காய சில இடம் தானா விடும். விடாத இடத்தைப் பலவந்தம் பண்ணாதீங்க.

ஈரத்துணியால துடைக்காதீங்க, மை கலையும். இஸ்திரி போடாதீங்க. லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க. உள்ள இருக்கிற ஈரத்தைச் சிறை வச்ச மாதிரி ஆயிரும், திரும்பப் பிரிக்கவும் முடியாது.

தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல தெளிவா போட்டோ எடுங்க. நிறைய காகிதம் நனைஞ்சு, உடனே காய வைக்க வழி இல்லைன்னா, ஜிப் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க. பூசணம் வளர்றது நிக்கும், உங்களுக்கு நேரம் கிடைக்கும். நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள்லயும் இந்த முறைதான். காஞ்சப்புறம் மென்மையான பிரஷ்ஷால வெளியில தட்டிவிடுங்க.

பாதி கெட்டுப்போன பத்திரத்தைத் தூக்கிப் போடாதீங்க. பாதி இருந்தாலும் அது ஒரிஜினல். தூக்கிப் போட்டா "தொலைஞ்சு போச்சு"ங்கிற கணக்குல வரும். அப்புறம் போலீஸ்ல புகார், பேப்பர்ல விளம்பரம்னு வேற பாதை. பதிவான பத்திரத்துக்கு தமிழ்நாடு பதிவுத்துறையோட இணையதளத்துலயே சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். இன்னைக்கே ஒரு நகல் வாங்கி வேற இடத்துல வைங்க.

மார்க் ஷீட், லைசென்ஸ் மாதிரி ஆவணங்களை டிஜிலாக்கர்ல எடுத்து வைங்க. ஒரு வித்தியாசம் கவனிங்க: அந்தந்தத் துறையே டிஜிலாக்கர்ல வழங்குற ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம்னு 2016 விதிகள் சொல்லுது. நீங்களே ஸ்கேன் பண்ணி ஏத்தினது வெறும் நகல்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில எத்தனையோ குடும்பங்கள் ஆவணங்களை இழந்தாங்க. நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம் நடத்துச்சு. ஆனா உங்க ஒரு வீட்டுப் பரண்ல ஓதம் ஏறினா யாரும் முகாம் போட மாட்டாங்க.

பரண்ல வச்ச ரூபாய் நோட்டு நைஞ்சு போயிருந்தா, அழுக்கான, கிழிஞ்ச நோட்டை ரிசர்வ் வங்கி விதிப்படி எந்த பேங்க் கிளையிலயும் மாத்தலாம். 50 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள நோட்டுல 80 சதவீதத்துக்கு மேல ஒரே துண்டா இருந்தா முழு மதிப்பு, 40-ல இருந்து 80 வரைக்கும் பாதி. ஒட்டிக்கிட்டதைப் பிரிக்கப் போய்க் கிழிச்சா அதுல உங்க பணம்தான் குறையும்.

ஈரம் எங்க இருந்து வருது? ஒரு சின்ன சோதனை

பூசணம் வந்த சுவர்ல ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினிய ஃபாயிலை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ரெண்டு நாள் விடுங்க.

சுவர்ப் பக்கம் ஈரமா இருந்தா: தண்ணி சுவர் வழியா வருது. பைப் கசிவு, மொட்டை மாடி விரிசல், இல்ல தரையில இருந்து ஏறுற ஓதம்.

ரூம் பக்கம் ஈரமா இருந்தா: காத்துல ஈரம் அதிகம். ஜன்னல் திறக்காதது, உள்ள துணி காய வைக்கிறது, பீரோவை சுவரோட ஒட்டி வச்சது.

எங்க வீட்டுல சுவர்ப் பக்கம்தான் ஈரம். பீரோவுக்குப் பின்னாடி சுவர், அதுக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். பிளம்பர் வந்து ஒரே ஒரு ஜாயின்ட்டை மாத்தினார். மூணு தடவை துடைச்சு, ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சும் நிக்காதது அதோட நின்னுச்சு.

வாடகை வீடா? செலவு யாரோடது?

ஃபாயில் சோதனை உங்களுக்குப் பணத்தையும் மிச்சம் பண்ணும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பொறுப்புகள் பத்தின தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல வந்துச்சு, 2019 பிப்ரவரி 22-ல அமலாச்சு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா கட்டட ரிப்பேர், வெள்ளை அடிக்கிறது, பைப் மாத்துறது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு மாதிரி சின்ன வேலைகள் உங்களோடது.

அதனால சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் புதுசா ரூம் எடுக்கும்போது சுவர் மூலை, பரண், பாத்ரூம் ஒட்டின சுவர் எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து அன்னைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. "அண்ணா, இந்த மூலையில ஓதம் இருக்குதுங்க, பார்த்துக்குங்க"ன்னு மரியாதையா ஒரு வரி போதும். காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிக்கப் பார்த்தா அந்த வரிதான் பேசும்.

இன்ஷூரன்ஸ் வருமா?

2021 ஏப்ரல் 1-ல இருந்து எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் கொடுக்கிற பாரத் கிரஹ ரக்ஷா பாலிசியில வெள்ளம், தண்ணி டேங்க் வெடிச்சோ பைப் உடைஞ்சோ வழியிறது மாதிரி சம்பவங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. வாடகைக்கு இருக்கிறவங்க வீட்டுப் பொருளுக்கு மட்டும் எடுக்கலாம். ஆனா மாசக்கணக்குல மெதுவா ஈரம் ஏறிப் பூத்த பூசணம் ஒரு "சம்பவம்" இல்ல. அதுக்கு க்ளெய்ம் கிடைக்கும்னு நம்பி இருக்காதீங்க. இந்த ரிஸ்க்குக்கு உங்க காப்பீடு நீங்கதான்.

திரும்ப வராம இருக்க

- ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்தான். பரண் பக்கத்துல வைங்க. 60-ஐத் தாண்டினா காத்தோட்டம் வேணும்னு அர்த்தம். மழை பெய்றப்போ ஜன்னலைத் திறந்தா ஈரம் உள்ளதான் வரும், வெயில் அடிக்கிற நேரமாப் பார்த்துத் திறங்க.
- பீரோவுக்கும் சுவருக்கும் நாலு விரக்கடை இடைவெளி. அடியில மரக்கட்டை.
- அட்டைப்பெட்டி வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா நல்லது, ஆனா உள்ள போற பொருள் முழுசாக் காஞ்சிருக்கணும்.
- டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல். நிறம் மாறினா சூடு பண்ணி மறுபடி உபயோகிக்கலாம்.
- அந்துருண்டையும் வசம்பும் பூச்சிக்குத்தான். ஈரத்தை எடுக்காது.

கடைசியா தேதி. நம்ம பக்கம் பரணை எப்ப இறக்குறோம்? காப்புக்கட்டுக்கு முன்னாடி, வெள்ளை அடிக்கும்போது. அதுக்குள்ள மழைக்காலம் முடிஞ்சு, கெட வேண்டியது கெட்டிருக்கும். ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவுறோம், ஆனா கழுவின ஈரத்தோடவே பொருளை உள்ள அடுக்குறோம். இதை மாத்துங்க. மே கடைசி வாரம் ஒரு தடவை, ஆயுத பூஜை சுத்தத்தோட ஒரு தடவை, ரெண்டு நாள் காய வச்சு அடுக்குங்க. போன்ல ரிமைண்டர் போட்டுக்குங்க.

இந்த ஞாயித்துக்கிழமைக்கு ஒரே ஒரு வேலை: வீட்டுப் பத்திரம் எங்க இருக்குதுன்னு அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ கேட்டு, கவரைத் திறந்து, மோந்து பாருங்க. மக்கின வாடை அடிச்சா, மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதைக் காய வைங்க.